மாயக் கதைக்குள் என்ன இருக்கிறது? விளாதிமிர் பிராப் – ஓர் எளிய அறிமுகம்

ஒரு கிழவருக்கு முதல் தாரத்தில் ஒரு மகள். இரண்டாம் தாரமாக வந்தவளுக்கு அந்தப் பெண்ணைக் கண்டாலே ஆகாது. கடுங்குளிர்காலத்தில் ஒருநாள், "இவளைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டு வா" என்று புருஷனை விரட்டுகிறாள். கிழவர் மகளைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிப்போய் ஒரு மரத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்புகிறார். கொஞ்ச நேரத்தில் மரக்கிளைகள் படபடவென்று வெடிக்க, மொரோஸ்கோ வருகிறான். உறைபனியே ஆள் உருவம் எடுத்து வந்ததுபோல ஒருவன். "குளிருகிறதா, பெண்ணே?" பல் கிட்டிப்போன நிலையிலும் அவள், "இல்லை ஐயா, கதகதப்பாகத்தான் இருக்கிறது" என்கிறாள். இன்னும் கிட்டே வந்து, இன்னும் குளிரவைத்து, மறுபடி கேட்கிறான். அவள் பதில் மாறவில்லை. மனம் இரங்கி, கம்பளி உடுப்பும் செல்வமும் கொடுத்து அனுப்புகிறான். அதைப் பார்த்த சித்தி தன் சொந்த மகளை அதே மரத்தடிக்கு அனுப்புகிறாள். அவள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள், விறைத்துச் செத்துப்போகிறாள்.

இப்போது இன்னொரு கதை. இங்கேயும் சித்தி, இங்கேயும் காட்டில் விடப்படும் மூத்தாள் மகள். ஆனால் இவள் போய்ச் சேருவது ஒரு குடிசைக்கு. கஞ்சி காய்ச்சும்போது ஒரு சுண்டெலி வந்து கேட்க, அதற்கும் ஒரு கரண்டி வைக்கிறாள். இரவில் கரடி வருகிறது. விளக்கை அணைத்துவிட்டு, "கண்ணாமூச்சி ஆடலாம் வா, இந்த மணியை ஆட்டிக்கொண்டே ஓடு" என்கிறது. சுண்டெலி அவள் கையிலிருந்த மணியை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பதிலாக இருட்டில் ஓடுகிறது. கரடியால் பிடிக்கவே முடியவில்லை. தோற்ற கரடி குதிரைகளையும் ஒரு வண்டி நிறையப் பொருளையும் கொடுக்கிறது. சித்தியின் சொந்த மகளும் அதே குடிசைக்குப் போகிறாள். சுண்டெலியை விரட்டியடிக்கிறாள், கரடியிடம் மாட்டிக்கொள்கிறாள்.

உறைபனி மனிதனும் கரடியும் ஒன்றா? ஒரு கதையில் பொறுமையான பதில், இன்னொன்றில் கண்ணாமூச்சி. மேலே பார்த்தால் இரண்டும் வேறு வேறு கதை. 19ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தொகுத்து வெளியிட்ட அலெக்சாந்தர் அஃபனாஸ்யெவும் அப்படித்தான் தனித்தனிக் கதைகளாக வைத்தார். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்திருந்த ஓர் இளைஞர் இந்தச் சித்திக் கதைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனபோது, ஒன்றில் மொரோஸ்கோ, அடுத்ததில் காட்டுப் பூதம், அதற்கடுத்ததில் கரடி என்று ஆள் மட்டும் மாறுவதைக் கவனித்தார். வீட்டை விட்டுத் துரத்தப்படுவது, காட்டில் ஒருவர் சோதிப்பது, சோதனையில் தேறுவது, பரிசு பெறுவது, அடுத்தவள் தோற்பது ஆகியவை மாறவே இல்லை. இது ஒரே கதைதானே என்று அவருக்குத் தோன்றியது. அந்த இளைஞர்தான் விளாதிமிர் பிராப். அந்த எண்ணத்தை அவர் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிராப் 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஜெர்மானிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். 1913 முதல் 1918 வரை அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய, ஜெர்மன் மொழியியலும் இலக்கியமும் படித்தார். அதாவது முதல் உலகப் போரும் புரட்சியும் அவருடைய கல்லூரிக் காலத்துக்குள்ளேயே நடந்து முடிந்தன. அப்புறம் பள்ளியில் ஆசிரியர் வேலை, கல்லூரிகளில் ஜெர்மன் பாடம். நாட்டுப்புறவியல் அவருக்குச் சோறு போட்ட தொழிலாக வெகுநாள் இருக்கவில்லை. வேலை நேரம் போக மிச்சம் இருந்த நேரத்தில் அஃபனாஸ்யெவ் தொகுப்பை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார். 1928இல் லெனின்கிராடில் (செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) வெளிவந்த 'நாட்டுப்புறக் கதையின் வடிவவியல்' என்ற சிறிய புத்தகம் அந்த உழைப்பில் விளைந்தது.

அஃபனாஸ்யெவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. பிராப்பின் வேலை முழுக்க அவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. 1826இல் வரோனெஷ் மாகாணத்தில் பிறந்தவர், சட்டம் படித்தவர், மாஸ்கோவில் வெளியுறவுத் துறை ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய்க் கதை கேட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ரஷ்ய புவியியல் கழகத்தின் காப்பகத்தில் குவிந்திருந்த கையெழுத்துப் பிரதிகளும், அகராதி தொகுத்த விளாதிமிர் தால் தன்னிடம் இருந்ததைத் தூக்கிக் கொடுத்ததும்தான் அவருடைய பெரும் சேகரம். 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக, ஏறக்குறைய 600 கதைகளை அச்சேற்றினார். ஒரே கதைக்கு மூன்று நான்கு வடிவங்கள் கிடைத்தால், நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து மற்றவற்றைத் தள்ளிவிடவில்லை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிராப்புக்கு வசதியாக அமைந்தது இதுதான். வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானே எது மாறுகிறது, எது மாறவில்லை என்று கண்ணுக்குப் படும்? அஃபனாஸ்யெவின் முடிவு வருத்தமானது. நாடு கடந்து வாழ்ந்த அரசு எதிர்ப்பாளர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் 1862இல் வேலை போயிற்று. ஆசையாகச் சேர்த்த புத்தகங்களை விற்றுச் சாப்பிடும் நிலை. 1871இல் காசநோயில் இறந்தார்.

சரி, பிராப் என்ன செய்தார்? தொகுப்பிலிருந்து வரிசையாக 100 மாயக் கதைகளை எடுத்துக்கொண்டார். மாயக் கதை என்றால் பறக்கும் கம்பளம், பேசும் குதிரை, மூன்று தலை நாகம், சாகா வரம் பெற்ற கஷேய், காட்டுக் கிழவி பாபா யாகா இவர்கள் எல்லாம் உலவும் கதைகள். நரி ஓநாயை ஏமாற்றும் விலங்குக் கதையும், முட்டாள் மனைவி பற்றிய சிரிப்புக் கதையும் இதில் சேராது. இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் காலத்தில் கதைகளை வகைப்படுத்திய விதம் அவருக்குத் திருப்தி தரவில்லை. பின்லாந்து அறிஞர் அந்தி ஆர்னே 1910இல் ஒரு பெரிய அட்டவணை போட்டிருந்தார். நாகத்தைக் கொன்றவன் கதை, உதவும் விலங்குகள் கதை என்று பொருளை வைத்துப் பிரித்த அட்டவணை. எண்ணைச் சொன்னால் கதையை எடுத்துவிடலாம் என்ற அளவில் அது பயனுள்ளதுதான், பிராப்பும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் நாகத்தைக் கொல்பவனுக்கு ஓர் ஓநாய் உதவினால் அந்தக் கதை எந்தப் பெட்டியில் விழும்? அப்படிப்பட்ட கதைகள் ஏராளம். தாவரவியலில் இலை எது, தண்டு எது, எது எதோடு எப்படிப் பொருந்துகிறது என்று முதலில் பார்க்கிறார்கள் அல்லவா, அதுபோலக் கதையின் உறுப்புகளை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். புத்தகத் தலைப்பில் உள்ள 'வடிவவியல்' அங்கிருந்து வந்தது. அத்தியாயங்களின் தலைமேல் அவர் போட்டிருந்த மேற்கோள்கள் செடிகொடிகளின் வடிவத்தை ஆராய்ந்த ஜெர்மன் கவிஞர் கோத்தேயுடையவை.

அவர் தரும் முதல் உதாரணத்தையே பார்க்கலாம். அரசர் வீரனுக்கு ஒரு கழுகைக் கொடுக்கிறார், கழுகு அவனை வேறு ராஜ்யத்துக்குத் தூக்கிப்போகிறது. ஒரு கிழவர் சூச்சென்கோவுக்குக் குதிரை கொடுக்கிறார், குதிரை அவனை வேறு ராஜ்யத்துக்குக் கொண்டுபோகிறது. மந்திரவாதி இவானுக்கு ஒரு சிறு படகு கொடுக்கிறான், படகு அவனை வேறு ராஜ்யத்தில் சேர்க்கிறது. இளவரசி இவானுக்கு மோதிரம் தருகிறாள், மோதிரத்திலிருந்து குதித்த இளைஞர்கள் அவனை வேறு ராஜ்யத்துக்குச் சுமந்து போகிறார்கள். கொடுப்பவர் யார், கொடுத்தது என்ன என்பது கதைக்குக் கதை மாறுகிறது. ஒருவர் ஒன்றைக் கொடுப்பதும் அது அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மாறவில்லை.

மாறாத இந்தப் பகுதியைத்தான் பிராப் கதையின் அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டார். நாம் அதைச் செயற்கூறு என்று சொல்லிக்கொள்வோம். ஒரு பாத்திரம் செய்யும் செயல், அது கதையின் ஓட்டத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துப் பார்க்கப்படும்போது, செயற்கூறு ஆகிறது. பின்பாதியைக் கவனமாகப் படியுங்கள், பலரும் தடுக்கி விழுவது அங்கேதான். அப்பா மகனுக்கு 100 ரூபிள் கொடுக்கிறார், அவன் அதை வைத்து எதிர்காலம் சொல்லும் பூனை ஒன்றை வாங்குகிறான். இன்னொரு கதையில் வீரச்செயல் புரிந்தவனுக்குப் பணம் பரிசாகக் கிடைக்கிறது, கதை முடிகிறது. இரண்டிலும் நடப்பது பணம் கைமாறுவதுதான். ஆனால் முதலாவது, மாயத் துணையைப் பெற வழி. இரண்டாவது, இறுதிப் பரிசு. செயல் ஒன்று, செயற்கூறு வேறு. இதே மாதிரி, இவான் இளவரசியைக் கட்டிக்கொள்வது கதையின் முடிவு. மனைவியை இழந்த அப்பா இரண்டு பெண்கள் உள்ள விதவையைக் கட்டிக்கொள்வது கதையின் தொடக்கம், வரப்போகும் கஷ்டத்துக்கு விதை. இரண்டும் கல்யாணம்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

இப்படி 100 கதைகளையும் பிரித்துப் பார்த்த பிராப் சொன்ன முடிவுகள் துணிச்சலானவை. மாயக் கதைகளில் வரும் செயற்கூறுகள் மொத்தம் 31தான். எல்லாக் கதையிலும் 31உம் வர வேண்டியதில்லை. ஆனால் வருபவை எப்போதும் ஒரே வரிசையில் வரும். ஆகவே மாயக் கதைகள் அனைத்தும் அமைப்பில் ஒரே வகையைச் சேர்ந்தவை.

31ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். முதலில் ஒரு தயாரிப்பு: வீட்டில் ஒருவர் வெளியே போகிறார், இளையவர்களுக்கு ஒரு தடை விதிக்கப்படுகிறது, தடை மீறப்படுகிறது, தீயவன் வேவு பார்க்கிறான், ஏமாற்றுகிறான். அடுத்து கதையை உண்மையில் ஓடவைக்கும் நிகழ்வு. ஒன்று தீயவன் ஒரு கேடு செய்கிறான், இல்லையென்றால் வீட்டில் ஒரு குறை உணரப்படுகிறது. பெண் கடத்தப்படலாம், அல்லது அரசருக்கு நெருப்புப் பறவை வேண்டியிருக்கலாம். நாயகன் புறப்படுகிறான். வழியில் ஒருவரைச் சந்திக்கிறான், அவர் சோதிக்கிறார், அவன் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்து மாயப் பொருளோ துணையோ கிடைக்கிறது. தேடுவது இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிறான், போராடி ஜெயிக்கிறான், கேடு நீங்குகிறது. திரும்பும் வழியில் துரத்தல், தப்பித்தல். பல கதைகள் இங்கேயே முடிந்துவிடும். நீளும் கதைகளில் நாயகன் யாருக்கும் அடையாளம் தெரியாமல் ஊர் வந்து சேர்கிறான், ஒரு போலி வீரன் தானே எல்லாம் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறான், கடினமான ஒரு வேலை தரப்படுகிறது, நாயகன் அதை முடிக்கிறான், அடையாளம் தெரிகிறது, போலியின் சாயம் வெளுக்கிறது, கல்யாணம், பட்டாபிஷேகம்.

பல செயற்கூறுகள் இரண்டிரண்டாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். தடை வந்தால் மீறல், போர் வந்தால் வெற்றி, துரத்தல் வந்தால் தப்பித்தல், வேலை கொடுத்தால் நிறைவேற்றம். கதை கேட்கும் குழந்தை, "அந்த அறையை மட்டும் திறக்காதே" என்று சொன்னவுடனே கண்ணை விரிக்கிறதே, இந்தச் சோடிகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியதால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு கதையைப் பிரித்துப் பார்த்தால்

பிராப் தன் புத்தகத்திலேயே பிரித்துக் காட்டிய கதை 'அன்ன வாத்துகள்'. அவர் பின்னாளில் பதிப்பித்த அஃபனாஸ்யெவ் தொகுப்பில் 113ஆம் எண்.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குக் கிளம்புகிறார்கள். "தம்பியைப் பார்த்துக்கொள், வாசலைத் தாண்டாதே" என்று மகளிடம் சொல்கிறார்கள். அவர்கள் போனதும் அவள் தம்பியை ஜன்னலுக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். அன்ன வாத்துகள் பறந்து வந்து குழந்தையைத் தூக்கிப்போகின்றன. இதுவரை: வீட்டாரின் பிரிவு, தடை, மீறல், கேடு.

அக்கா ஓடுகிறாள். வழியில் ஓர் அடுப்பு. "என்னுடைய கம்பு ரொட்டியைத் தின்னு, வாத்துகள் எங்கே போயின என்று சொல்கிறேன்." "எங்கள் வீட்டில் கோதுமை ரொட்டியையே சீண்டமாட்டோம்" என்கிறாள். அடுத்து ஓர் ஆப்பிள் மரம், அதனுடைய காட்டு ஆப்பிளும் வேண்டாம் என்கிறாள். அடுத்து பால் ஆறு, கூழ்க் கரை. அதுவும் வேண்டாம். மூன்று முறை சோதனை, மூன்று முறையும் தோல்வி, மூன்று முறையும் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. மாயக் கதைகளில் சாதாரணமாக நாயகன் சோதனையில் தேறிவிடுவான். இந்தப் பெண் தேறவில்லை என்பதால்தான் கதை இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிறகு ஒரு முள்ளெலி குறுக்கே வருகிறது. எட்டி உதைக்கலாமா என்று நினைக்கிறாள், முள் குத்தும் என்று பயந்து விட்டுவிடுகிறாள். வழி கேட்கிறாள், அது காட்டுகிறது. இங்கே பிராப்பின் பார்வை எவ்வளவு கூர்மையானது பாருங்கள். பல கதைகளில் ஆதரவற்ற விலங்கொன்று "என்னைக் கொல்லாதே" என்று கெஞ்சும், நாயகன் விட்டுவிடுவான், அது நன்றியோடு உதவும். முள்ளெலி கெஞ்சவில்லை. அவள் இரக்கப்படவும் இல்லை, பயப்படுகிறாள். ஆனாலும் விட்டுவிட்டாள், அது உதவுகிறது. கதையில் அந்த இடம் நிரம்பிவிட்டது. மேலோட்டமாகப் படிப்பவர் தாண்டிப்போகும் ஒரு வரிக்குள், இரக்கமும் நன்றியும் இருக்க வேண்டிய இடத்தின் தடத்தைப் பிராப் கண்டுபிடிக்கிறார்.

கோழிக்கால்மேல் நிற்கும் குடிசையில் பாபா யாகா. தம்பி தங்க ஆப்பிள்களை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். கேடு நீங்கியது, திரும்பல். வாத்துகள் துரத்துகின்றன. இப்போது பால் ஆற்றிடமும் மரத்திடமும் அடுப்பிடமும் "ஒளித்துவை" என்று கேட்கிறாள், இந்த முறை கூழையும் ஆப்பிளையும் ரொட்டியையும் சாப்பிடுகிறாள், அவை ஒளித்துவைக்கின்றன. துரத்தல், தப்பித்தல். வீட்டுக்குள் நுழைகிறாள், அப்பா அம்மா வந்துவிடுகிறார்கள்.

போரும் இல்லை, கல்யாணமும் இல்லை. 31இல் பெரும்பகுதி இதில் இல்லவே இல்லை. இருப்பவை மட்டும் தம் வரிசையில் நிற்கின்றன.

செயற்கூறுகளை வைத்துப் பார்த்தால் பாத்திரங்களும் வேறு மாதிரித் தெரிகிறார்கள். தீயவன், கொடையாளி, துணைவன், தேடப்படும் இளவரசியும் அவள் தந்தையும், நாயகனை அனுப்பிவைப்பவர், நாயகன், போலி நாயகன் என்று ஏழு வட்டங்களைப் பிராப் வரைகிறார். இவற்றை ஏழு ஆட்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் இன்று ஒருவர் உட்காரலாம், நாளை வேறொருவர் உட்காரலாம். ஒரே ஆளே ஓட்டுநராகவும் நடத்துநராகவும் இருக்கலாம். அதுபோல, சித்தி ஒரே நேரத்தில் தீயவளாகவும் பெண்ணைக் காட்டுக்கு அனுப்பிவைப்பவளாகவும் இருக்கிறாள். பாபா யாகா 'அன்ன வாத்துகள்' கதையில் குழந்தை பிடிப்பவள். வேறு பல கதைகளில் அதே கிழவி நாயகனுக்குச் சோறு போட்டு, குளிக்கவைத்து, குதிரையும் கொடுத்து அனுப்புகிறாள். அவள் நல்லவளா கெட்டவளா என்று கேட்டால் பதில் வராது. இந்தக் கதையில் எந்த வட்டத்தில் நிற்கிறாள் என்று கேட்டால் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்று இணையத்தில் பிராப்பின் 31ஐத் திரைக்கதை எழுதும் சூத்திரமாகத் தூக்கிக்கொடுக்கிறார்கள். எந்தப் படத்தையும் நாவலையும் அதில் போட்டு அடைக்கிறார்கள். பிராப் ஆராய்ந்தது ரஷ்ய விவசாயிகள் வாய்மொழியாகச் சொன்ன மாயக் கதைகளை மட்டும். எழுத்தாளர்கள் உட்கார்ந்து புனைந்த கதைகளுக்கு இது அப்படியே செல்லாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். இந்தக் குழப்பத்துக்குத் தலைப்பும் ஒரு காரணம். 'மாயக் கதையின் வடிவவியல்' என்றுதான் அவர் பெயர் வைத்திருந்தார். வாசகரைக் கவரட்டும் என்று பதிப்பாசிரியர் 'மாய' என்பதை எடுத்துவிட்டார். எல்லா நாட்டுப்புறக் கதைக்கும் விதி சொல்கிறார் என்று உலகம் எடுத்துக்கொண்டது. வரிசை மாறவே மாறாது என்ற அவருடைய கூற்றையும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அப்படியே ஏற்கவில்லை. சில இடங்களில் வரிசை முன்பின்னாகும் என்று பிராப்பே சொல்லியிருக்கிறார்.

அடுத்த கேள்வி: ஏன்?

பிராப்பைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் இந்த 31ஓடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஏனென்றால் அவருக்கு அது பாதி வேலை. எல்லா மாயக் கதைகளும் அமைப்பில் ஒன்று என்றால், ஏன் ஒன்று? அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் தேடியதுதான் 1946இல் வெளிவந்த 'மாயக் கதையின் வரலாற்று வேர்கள்'.

கோழிக்கால் குடிசையையே எடுத்துக்கொள்வோம். இவான் காட்டில் நடந்து போகிறான். குடிசை அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. "குடிசையே, குடிசையே, காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு" என்று சொல்கிறான், அது சுழன்று திரும்புகிறது. நூறு தடவை படித்தாலும் நமக்கு உறுத்தாத இந்த இடத்தில் பிராப் நிற்கிறார். அவன் ஏன் சுற்றிப் போய் வாசலைப் பிடிக்கக் கூடாது? நாலு எட்டு வைத்தால் ஆயிற்றே! முடியாது என்கிறார். அந்தக் குடிசை ஓர் எல்லையில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிந்ததோ தெரியாததோ, அந்தக் கோட்டைக் குடிசை வழியாகத்தான் கடக்க முடியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது செத்தவர்களின் உலகம்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் பொருள் தருகின்றன. யாகா குடிசை முழுக்க அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், ஒரு மூலையில் தலை, இன்னொரு மூலையில் கால், மூக்கு கூரையை முட்டுகிறது. சவப்பெட்டிக்குள் கிடக்கும் பிணம்தான் அப்படி இருக்கும் என்கிறார் பிராப். அவளுக்கு எலும்புக் கால். இவான் உள்ளே வந்ததும் "ரஷ்ய வாடை அடிக்கிறதே" என்று மூக்கை உறிஞ்சுகிறாள். அது உயிருள்ள மனிதனின் வாடை. உயிரோடு இருப்பவனை வாடையை வைத்தே செத்தவர்கள் கண்டுகொள்வதாகச் சொல்லும் கதைகள் மற்ற மக்களிடமும் உண்டு என்று அவர் எடுத்துக் காட்டுகிறார். இவான் பயப்படுவதில்லை. "முதலில் சாப்பாடு போடு, அப்புறம் கேள்வி கேள்" என்று அதட்டுகிறான். செத்தவர்களின் உணவைச் சாப்பிட்டவனுக்குத்தான் அந்த உலகில் நுழைய உரிமை.

இன்னொரு பெரிய வேர், பருவம் எய்தும் சிறுவர்களுக்குப் பழங்குடிச் சமூகங்கள் நடத்திய சடங்கு. சிறுவனைக் காட்டுக்குள் கொண்டுபோவார்கள். அங்கே தனியாக ஒரு குடிசை, சில இடங்களில் விலங்கின் வடிவில். அவன் விழுங்கப்பட்டதாக, செத்ததாகப் பாவனை. வலியைத் தாங்க வேண்டும், ரகசியங்களைக் கற்க வேண்டும். பிறகு புது ஆளாக ஊர் திரும்புவான், கல்யாணம் செய்துகொள்ளும் தகுதியோடு. வீட்டை விட்டுப் புறப்படுதல், காட்டில் சோதனை, மாயத் துணை, திரும்பல், கல்யாணம் என்ற நம் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கதை சடங்கை அப்படியே நகல் எடுக்கிறது என்று பிராப் சொல்லவில்லை. சில இடங்களில் கதை சடங்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. சடங்கில் சிறுவனை நெருப்பில் இடுவதுபோன்ற பாவனை அவனுக்கு நன்மை செய்வதாகக் கருதப்பட்டது. சடங்கு மறைந்து, அதன் பொருளும் மறந்துபோன பிறகு, குழந்தையை அடுப்பில் தள்ளுகிறவள் அரக்கி ஆகிறாள், குழந்தை சாமர்த்தியமாக அவளையே அடுப்பில் தள்ளிவிடுகிறது. ஆற்றுக்குப் பெண்ணைப் பலி கொடுத்த காலத்தில் அதைத் தடுக்க வந்தவன் ஊரின் விளைச்சலைக் கெடுக்கும் பாவி. பலி ஒழிந்த பிறகு சொல்லப்படும் கதையில் அதே ஆள் நாகத்தைக் கொன்று பெண்ணை மீட்கும் வீரன். ஒரு வழக்கம் மறைவதும், அதை எதிர்த்தவன் நாயகன் ஆவதும் ஒரே கதைக்குள் பதிந்திருக்கின்றன என்ற இந்தப் பார்வை, பிராப் எழுதியவற்றிலேயே என்னை அதிகம் ஈர்ப்பது.

ஆதாரம் என்று பார்த்தால் இரண்டாம் புத்தகம் முதலாவதைவிடப் பலவீனமானது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரஷ்யக் கதையின் வேரை விளக்க அவர் காட்டும் சடங்குகளில் பல பசிபிக் தீவுகளான மெலனீசியாவிலும் வட அமெரிக்காவிலும் பதிவானவை. எல்லாச் சமூகங்களும் ஒரே படிக்கட்டில்தான் ஏறின என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கையை இன்றைய மானிடவியல் அப்படியே ஏற்பதில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் அவர்மேல் பாய்ந்த கண்டனம் இந்தக் காரணத்துக்காக வரவில்லை. போர் முடிந்திருந்த சோவியத் நாட்டில் அந்நிய மோகத்துக்கு எதிரான இயக்கம் சூடு பிடித்திருந்தது. ஃப்ரேசர் போன்ற மேற்கத்திய அறிஞர்களை இத்தனை இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறாரே என்பது குற்றமாயிற்று. 1928 புத்தகத்தையும் வடிவவாதம், அதாவது உள்ளடக்கத்தை விட்டு வடிவத்தை மட்டும் பார்க்கும் போக்கு, என்று சேர்த்துத் திட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மன் படைகள் நடத்திய லெனின்கிராட் முற்றுகையின் முதல் குளிர்காலத்தைத் தாண்டி, 1942இல் பல்கலைக்கழகத்தோடு சரத்தோவ் நகருக்குப் போய்த் திரும்பியவர் அவர். ஜெர்மானியப் பெயர் உள்ளவருக்கு அந்த வருடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். 1932இல் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், இத்தனைக்குப் பிறகும் அங்கேயே பாடம் நடத்தினார். 1955இல் ரஷ்ய வீரகாவியங்களைப் பற்றியும், 1963இல் ரஷ்ய உழவர் திருவிழாக்களைப் பற்றியும் புத்தகம் எழுதினார். இடையில் 1957இல் அஃபனாஸ்யெவ் தொகுப்பை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

முதல் புத்தகம் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. 1958இல் ஆங்கிலத்தில் வந்தது. அதற்குள் ஐரோப்பாவில், மொழி, தொன்மம் போன்றவற்றின் உள்ளமைப்பை ஆராயும் அமைப்பியல் வளர்ந்திருந்தது, ஆகவே தங்களுக்கு முன்னோடி ஒருவர் லெனின்கிராடில் உட்கார்ந்திருக்கிறார் என்பது பலருக்கும் வியப்பு. பிரெஞ்சு மானிடவியலாளர் க்ளாத் லெவி ஸ்ட்ராஸ் 1960இல் நீண்ட விமர்சனம் எழுதினார். பாராட்டினார், கூடவே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளடக்கத்தை விட்டுவிட்டார் என்றும் குறை சொன்னார். 1966இல் வந்த இத்தாலியப் பதிப்பில் பிராப் பதில் எழுதினார். கொஞ்சம் மனம் நொந்த தொனியில் எழுதப்பட்ட பதில் அது. லெவி ஸ்ட்ராஸ் தத்துவவாதி, நான் கண்முன் இருப்பதைப் பார்த்து ஒப்பிட்டு முடிவுக்கு வருகிறவன் என்கிறார். சித்திக் கதைகளைப் படித்தபோது பொறி தட்டிய விஷயத்தை அவர் சொல்வதும் இந்தப் பதிலில்தான். முக்கியமாக, வடிவவியலும் வரலாற்று வேர்களும் ஒரே பெரிய நூலின் இரண்டு பகுதிகள் மாதிரி என்கிறார். ஒன்றைப் படித்துவிட்டு, இன்னொன்று இல்லை என்று என்னைக் குறை சொல்லாதீர்கள் என்பது அதன் பொருள்.

பிராப் 1970 ஆகஸ்டில் லெனின்கிராடில் காலமானார். சிரிப்பும் நகைச்சுவையும் பற்றிய அவருடைய நூல் 1976இலும், வகுப்பறை உரைகளிலிருந்து உருவான 'ரஷ்யக் கதை' 1984இலும் வெளிவந்தன. பின்னதில் மாயக் கதையோடு விலங்குக் கதை, அடுக்குக் கதை, கதை சொல்லிகளின் வாழ்க்கை எல்லாம் உண்டு.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவருக்கு என் யோசனை, கதைகளிலிருந்து ஆரம்பியுங்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக இங்கே விற்ற ரஷ்யச் சிறுவர் நூல்கள் பழைய வீடுகளிலும் நூலகங்களிலும் இன்னும் இருக்கின்றன. ஒரு பத்துப் பதினைந்து கதையாவது படித்துவிட்டு, சித்தி வரும் கதைகளைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் யார் சோதிக்கிறார், எப்படிச் சோதிக்கிறார், என்ன கொடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதற்கப்புறம் வடிவவியலின் முதல் மூன்று அத்தியாயங்கள். மூன்றாவதில்தான் 31ஐயும் உதாரணங்களோடு விளக்குகிறார். பின்னிணைப்பில் உள்ள குறியீட்டு அட்டவணைகளைப் பார்த்து மலைக்க வேண்டாம், முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். அது முடிந்ததும் வரலாற்று வேர்களில் பாபா யாகா பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள்.